பிறப்புக்கு வண்டி, இறப்புக்கு வண்டி – பிழைப்புக்கு?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலை எங்கே மலையைத் தொடுகிறதோ, அந்த இடத்துக்கு மக்கள் வைத்த பெயர் அடிவாரம். அந்த அடிவாரத்திலே நாள்தோறும் இரு வகைப் பயணிகள் எதிரும் புதிருமாகக் கடந்து செல்கிறார்கள். ஒரு வகையார் மேலே ஏறுகிறார்கள். வெயிலை விட்டு விலகி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறி, ஏரியிலே படகு விட்டு, சேர்வராயன் கோயில் முகட்டிலே காற்று வாங்கி, காப்பித்தூள் பொட்டலத்தோடு இறங்கிப் போவார்கள். போய் வரட்டும். அவர்கள் இன்பத்திலே நமக்கு எரிச்சல் இல்லை. மற்றொரு வகையார் கீழே இறங்குகிறார்கள். வளைவுகள் அதே 20 தான். ஆனால் அவர்கள் எண்ணுவது வளைவை அல்ல, முந்தானையில் முடிந்து வைத்த பணத்தை! கையிலே ஒரு துணிப்பை. பைக்குள்ளே ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு, குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, மாற்றிக் கட்ட ஒரு சேலை. நாகலூரிலிருந்தும் வெள்ளக்கடையிலிருந்தும், மஞ்சக்குட்டையிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் இறங்கி வரும் அந்த மக்களில் பலருக்குப் பயணம் சேலத்தோடு முடிவதில்லை. சென்னை, வேலூர், புதுவை, கோவை, பெங்களூர் என்று நோய் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசைக்குப் போகிறார்கள்.

அந்தப் பயணத்தின் செலவை யார் கொடுக்கிறார்கள்? இன்று நாம் கேட்கிற கேள்வி இதுதான்.

"என்ன செலவு? எல்லாம் இலவசம்தானே! அரசு மருத்துவமனை இருக்கிறது, காப்பீட்டு அட்டை இருக்கிறது, 108 வண்டி இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிறார் வசதி படைத்த நண்பர். அவர் கேட்பதிலே பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை நாம் மறைக்க வேண்டியதில்லை. 2008-இல் 108 வண்டி ஓடத் தொடங்கியது. 2009 சூலையில் கலைஞர் பெயரால் உயிர் காக்கும் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக உருமாறியது. 2018-இல் ஒன்றியத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்ற அளவு வந்தது. யார் தொடங்கினார், யார் பெயரை மாற்றினார் என்ற வழக்கை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் மருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வரும் ஏற்பாடு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் திட்டம் வந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் பல மாநிலங்கள் அண்ணாந்து பார்க்கிற சாதனைகள் இவை. நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம், சொல்கிறோம்.

சொல்லிவிட்டு, நண்பரை அழைத்துக்கொண்டு போய் ஒரே ஒரு காட்சியைக் காட்டுகிறோம்.

அரசு மருத்துவமனையிலே ஒரு தாய் பிள்ளை பெறுகிறாள். அவளையும் பச்சிளங் குழந்தையையும் வீட்டிலே கொண்டுபோய் விட 102 என்ற எண்ணுக்குரிய வண்டி வருகிறது, காசு இல்லை. நல்ல ஏற்பாடு. அதே மருத்துவமனையிலே ஒருவர் கண்ணை மூடுகிறார். அவர் உடலை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க 155377 என்ற எண்ணுக்குரிய அமரர் ஊர்தி வருகிறது. அதற்கும் காசு இல்லை. மிக நல்ல ஏற்பாடு. பிணத்தைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஏழைகளின் கதையைக் கேட்டவர்கள் அதன் அருமையை அறிவார்கள். இப்போது மூன்றாமவர். அவருக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவர் இறக்கவும் இல்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்து, அல்லது நெஞ்சைத் திறந்து மூடி, மருத்துவர்கள் அவரைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். 340 கிலோமீட்டருக்கு அப்பால் சேலம், சேலத்துக்கு அப்பால் மலை, மலையிலே இறங்கிய பிறகு வண்டி போகாத ஒற்றையடிப் பாதை. அவர் எப்படிப் போவது? பேருந்து நிலையத்துக்குப் போகிறார். தையல் பிரியாமல் வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மற்றொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறார்!

பிறந்ததற்கு வண்டி உண்டு, இறந்ததற்கு வண்டி உண்டு, பிழைத்ததற்கு வண்டி இல்லை! இந்த நாட்டிலே ஏழை ஒருவன் பிழைத்துக்கொண்டது குற்றமா?

வண்டிச் சத்தத்தை ஓர் எடுத்துக்காட்டாகத்தான் சொன்னோம். நோயாளி பயணத்தின் பெரிய செலவு வேறெங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது. அதை வெளியே இழுத்துப் போடுவோம்.

காப்பித் தோட்டத்திலே களை எடுக்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பை வாயிலே புற்றுநோய் என்று சீட்டு வந்துவிட்டது. அறுவை செய்ய முடியாத கட்டம், கதிர் சிகிச்சை தரவேண்டும் என்கிறார் மருத்துவர். கதிர் சிகிச்சை என்பது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. மொத்த அளவையும் ஒரே மூச்சில் செலுத்தினால் நோயோடு நோயாளியும் வெந்து போவார். ஆகவே சிறு சிறு பங்காகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு பங்கு, ஏறத்தாழ ஐந்து வாரத்துக்கு 25 தடவை தருவது வழக்கம். அதற்கு மேல் உள்ளிருந்து தரும் கதிர் வேறு. எந்திரத்தின் அடியிலே படுத்திருக்கும் நேரம் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக ஐந்து வாரம் ஊரை விட்டு இருந்தாக வேண்டும். சில நிமிடக் கதிருக்கு ஐந்து வாரச் சத்திர வாழ்வு! நடுவிலே நாள் தவறக் கூடாது. தவறினால் சிகிச்சையின் பலன் குறையும். இது மருத்துவர்கள் மறுபடி மறுபடி சொல்லும் எச்சரிக்கை.

அவள் தனியாக இருக்க முடியாது. புருசனோ, அக்காளோ, மூத்த மகளோ கூட இருக்க வேண்டும். அப்படியானால் கணக்கு என்ன? தோட்டத்துக் கூலி இடத்துக்கு இடம் வேறுபடும். அரசே நிர்ணயித்த ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டுக்கென அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். ஐந்து வாரத்தில் வாரத்துக்கு ஆறு நாள் வீதம் 30 வேலை நாள். ஒருவருக்கு 10,080 ரூபாய். நோயாளியும் துணையும் இருவர், ஆக 20,160 ரூபாய். இது கையிலிருந்து போன பணம் அல்ல, கைக்கு வராமலே போன பணம். இதற்கு எந்த ரசீதும் இல்லை, எந்த அலுவலகத்திலும் இதைக் காட்ட முடியாது.

இதன் பக்கத்திலே இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 2017-18இல் இந்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு ஒன்று நடந்தது. அரசு மருத்துவமனையிலே ஒருமுறை படுத்து எழுந்தால், மகப்பேறு நீங்கலாக, சராசரி மருத்துவச் செலவு 4,452 ரூபாய் என்றும், தனியார் மருத்துவமனையில் 31,845 ரூபாய் என்றும் அந்த ஆய்வு கண்டது. ஆண்டுகள் வேறு, ஆகவே காசுக்குக் காசு ஒப்பிடுவது சரியாகாது. ஆனாலும் விளங்குகிறது அல்லவா? அரசு மருத்துவமனைக்கு உள்ளே ஆகிற செலவைவிட, வெளியே இழக்கிற கூலி பல மடங்கு! நாம் உள்ளே இருக்கிற செலவை எண்ணிவிட்டு "இலவசம்" என்று முத்திரை குத்துகிறோம்.

இன்னும் அறை வாடகையை எண்ணவில்லை. சமைத்துத் தின்ன அடுப்பில்லாமல் ஓட்டலில் வாங்கிய இட்லியை எண்ணவில்லை. ஊரிலே விட்டுவந்த பிள்ளைகளுக்குச் சோறு போடும் பாட்டிக்கு அனுப்பிய நூறு ரூபாயை எண்ணவில்லை. இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? ஆடு போகிறது. தோடு அடகுக் கடைக்குப் போகிறது. கொடியிலே மிளகு பழுக்கும் முன்பே, பிஞ்சிலேயே வியாபாரியிடம் விலை பேசி முன்பணம் வாங்குகிறார்கள். வியாபாரி சொன்னதுதான் விலை. குழுக் கடன் எடுக்கிறார்கள். வாரத் தவணைக்காரர் நோய் என்று சொன்னால் கேட்பாரா? மூன்றாம் வாரம் பணம் தீர்ந்துவிடுகிறது. "ஊருக்குப் போய்ப் பணம் புரட்டிக்கொண்டு வருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் பை தூக்குகிறார்கள். அப்படிப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்! பாதியில் நின்ற சிகிச்சைக்குக் காரணம் எழுதும் இடத்தில் 'நோயாளி வரவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். வரவில்லை என்பது உண்மைதான். வர முடியவில்லை என்பதல்லவா முழு உண்மை!

சிறுநீரகம் கெட்டவர் நிலை இதைவிடக் கொடிது. கதிருக்கு ஐந்து வாரம் என்று ஒரு முடிவாவது உண்டு. டயாலிசிசுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஆயுள் உள்ளவரை. மலை மேலே குடியிருப்பவர் வாரத்துக்கு மூன்று நாள் இறங்கி ஏறினால், மீதி நாளில் எந்த முதலாளி அவருக்கு வேலை வைத்திருப்பார்?

இதெல்லாம் புதிய துன்பமா என்றால், இல்லை. இந்த மலைக்குக் காப்பிச் செடி வந்து 200 ஆண்டு ஆகிறது. 1820-களில் சேலத்திலே கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்தார் என்பது வரலாறு. தோட்டம் வளர்ந்தது, பங்களா வளர்ந்தது, காப்பியின் மணம் கடல் கடந்தது. செடிக்கு நோய் கண்டால் மருந்தடிக்க ஆள் வந்தார்கள். செடியை வளர்த்தவனுக்கு நோய் கண்டால், தூளி கட்டித் தோளிலே சுமந்து இறங்கினார்கள். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்று எழுதியது. நோய்க்காலப் படி உண்டு என்றும் எழுதியது. எழுதிய சட்டம் மேசையிலே இருந்தது. சிறு தோட்டத்து அன்றாடக் கூலிக்காரனோ சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றான். மலையாளி என்று பெயர் பெற்ற அந்தப் பழங்குடி உழவனுக்கு முதலாளியே கிடையாது. அவனுடைய நோய்க்காலப் படியை யாரிடம் போய்க் கேட்பது?

சேலம் மாவட்டத்துக்கும் மலைநோய்க்கும் பழைய உறவு ஒன்று உண்டு, இங்கே சொல்லத் தகும். கொல்லிமலை அன்றைக்குச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மலை மக்களிடையே வாழ்ந்த ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929-இல் மலேரியாவின் கொடிய வகையான கருநீர்க் காய்ச்சலுக்கு அங்கேயே இரையானார். அதே மலையிலே 1914-இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்டு பின்னர் வேலூருக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்திக் காட்டி, உலக மருத்துவ நூல்களிலே இடம் பெற்றார். மதம் அவர்களுடையது, அதைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. மருத்துவம் மலையேறியது என்பதைத்தான் குறிக்கிறோம். வேலூர் மருத்துவமனையை 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரும், நோயாளி வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. வண்டியிலே மருந்தேற்றிக்கொண்டு சாலையோரத்துக்குப் போய், மரத்தடியிலே கூடி நின்ற கிராம மக்களைப் பார்த்தார்.

அந்த ஒரு கட்டில் இன்று பெருமரமாகிவிட்டது. 1971-இல் இந்தியாவிலேயே வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அங்கேதான் நடந்தது. காட்பாடி நிலையத்திலே இறங்கிப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், எல்லை தாண்டி வங்க தேசத்திலிருந்தும் நோயாளிகள் வந்திறங்குகிறார்கள். வேலூர்த் தெருவிலே வங்க எழுத்தில் பெயர்ப்பலகை தொங்குகிறது. அவர்களுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுக்கும் கடையும், வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் விடுதியும் பெருகிவிட்டன. இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவருக்குத் தமிழ்நாடு உயிர் கொடுக்கிறது. பெருமைதான். ஆனால் அங்கே வரும் வங்காள உழவனின் பையைப் பிரித்தால், நம் வெள்ளக்கடைக்காரர் பையில் இருப்பதேதான் இருக்கும்: ஸ்கேன் படம், சீட்டு, விற்ற நிலத்தின் பணம்.

பஞ்சாபிலே பட்டிண்டாவிலிருந்து இராஜஸ்தானத்துப் பிக்கானீருக்குப் போன ஓர் இரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'கேன்சர் ரயில்'. பசுமைப் புரட்சியால் கொழித்த பூமியிலிருந்து, புற்றுநோயாளிகள் பக்கத்து மாநிலத்துப் பாலைவன ஊருக்கு மருத்துவம் தேடி இரவெல்லாம் பயணம் போனார்கள். பம்பாயிலே 1941-இல் எழுந்த டாட்டா நினைவு மருத்துவமனை நாட்டுக்கே புகழ் சேர்த்தது. அதன் வாசலுக்கு எதிரே பரேல் நடைபாதையிலே, சமையல் சட்டியும் போர்வையுமாக நோயாளிக் குடும்பங்கள் படுத்துக் கிடந்ததையும் நாடு பார்த்தது. உள்ளே உலகத் தரம், வெளியே தெருப்புழுதி!

நம்மவர்கள் மறக்க முடியாத பயணம் ஒன்று உண்டு. 1968 செப்டம்பரிலே, முதலமைச்சராக இருந்த அண்ணா, உணவுக்குழாயிலே கண்ட புற்றுக்காக நியூயார்க் சென்றார். நாடே விமான நிலையத்தை நோக்கிக் கண்ணீரோடு நின்றது. திரும்பி வந்தார், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்திலே கண் மூடினார். அந்த அடையாற்று நிலையம் எப்படி வந்தது? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், ஆண்டுக் கணக்காகப் பலர் வாசலேறி நிதி திரட்டி, 1954-இல் 12 கட்டிலோடு தொடங்கியது. "புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனையா, அவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள்" என்ற எண்ணம் பெரிய மனிதர்களிடையே நிலவிய காலம் அது. அந்த எண்ணத்தை அம்மையார் உடைத்தெறிந்தார். அடையாறு வந்ததால் எத்தனையோ ஏழைகள் பம்பாய்க்குப் போகாமல் தப்பினார்கள். அடுத்த படி, சேர்வராயன் மலைக்காரர் அடையாற்றுக்கும் போகாமல் தப்ப வேண்டாமா?

"சேலத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறதே!" என்பார் நமது நண்பர். இருக்கிறது. மோகன் குமாரமங்கலம் பெயரால் 1986-இல் வந்தது. பின்னர் ஒன்றியத் திட்டத்தின் முதற் கட்டத்திலேயே உயர் சிறப்பு மருத்துவக் கட்டடமும் அங்கே எழுந்தது. ஏற்காட்டிலிருந்து 30 கிலோமீட்டரில் இத்தகைய நிலையம் இருப்பது பெரும் பேறு. இருந்தும் சென்னைக்குப் போகும் சீட்டு ஏன் எழுதப்படுகிறது? சில நோய்க்கு அது தவிர்க்க முடியாதது, அறிவோம். ஈரல் மாற்றுவதையும் எலும்பு மச்சை மாற்றுவதையும் எல்லா ஊரிலும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அடிக்கடி செய்கிற கைக்குத்தான் அது கைவரும். ஆனால் பல சீட்டுகளின் பின்னே இருப்பது நோயின் கடுமையா, காலியாகக் கிடக்கும் ஒரு நிபுணரின் நாற்காலியா என்பதை எவர் விசாரித்தார்? கட்டடத்துக்குக் கல் போதும், மருத்துவமனைக்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் 'ஏன் அனுப்புகிறோம்' என்று ஒரு வரி எழுதச் சொல்லி, ஆண்டுக்கொரு முறை அந்த வரிகளைக் கூட்டிப் பார்த்தால், எந்தப் பிரிவில் எத்தனை நாற்காலியை நிரப்ப வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

நிபுணர் எங்கிருந்து வருவார் என்ற இடத்திலேதான் அரசியல் நுழைகிறது. மலையிலும் பட்டிக்காட்டிலும் பணியாற்றிய அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பிலே பங்கு ஒதுக்கி வைத்தது தமிழ்நாடு. அவர்கள் படித்து முடித்து அரசுப் பணிக்கே திரும்பினார்கள். மாவட்டத்து மருத்துவமனைகளில் நிபுணர் கிடைத்ததற்கு அது ஒரு முதன்மைக் காரணம். டில்லியிலிருந்து வந்த விதி அந்தப் பங்கைப் பறித்தது. வழக்கு நடந்தது. மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு 2020 ஆகஸ்ட் 31-ஆம் நாள் தீர்ப்பளித்தது. மாநில உரிமை என்று நாம் மேடையிலே முழங்கும்போது, "இதெல்லாம் கட்சிக்காரர் பேச்சு, வயிற்றுக்கு ஆகுமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வயிற்றுக்கு ஆகும் ஐயா! வயிற்றிலே கட்டி வந்தால், அறுக்கிற நிபுணர் சேலத்திலே இருப்பாரா சென்னைக்கு ஓட வேண்டுமா என்பதை அந்த உரிமைதான் முடிவு செய்கிறது.

இனி, என்ன செய்யலாம்? வழியே இல்லாத காரியத்தை நாம் கேட்கவில்லை. பிறர் செய்து காட்டியதைத்தான் கேட்கிறோம். ஆத்திரேலியாவிலே, ஊருக்கு வெகுதொலைவில் வாழும் நோயாளி நிபுணரைத் தேடிப் போனால், வழிச் செலவும் தங்கும் செலவும் தர 1978-இலேயே திட்டம் கண்டார்கள். இன்றும் ஒவ்வொரு மாநிலத்திலும் அது நடக்கிறது. கனடாவிலே வட ஒண்டாரியோ மக்களுக்கு மருத்துவப் பயண மானியம் தருகிறார்கள். செல்வ நாடுகள், அவர்களால் முடியும் என்பீர்கள். பக்கத்திலே ஆந்திரத்தைப் பாருங்கள். ஆரோக்கியசிறீ திட்டத்திலே நோயாளியின் உணவையும் வழிச் செலவையும் சேர்த்தார்கள். 2019 டிசம்பரிலே, அறுவை முடிந்து வீட்டிலே ஓய்விலிருக்கும் ஏழைக்கு நாளுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு 5,000 ரூபாய் வரை வாழ்க்கைப் படி என்று அறிவித்துத் தொடங்கினார்கள். நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, அடுப்பும் எரிய வேண்டும் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்ட செய்தி அது.

அவ்வளவு ஏன், டில்லியே ஒரு காலத்தில் ஒப்புக்கொண்டது. 2008-இல் வந்த தேசியக் காப்பீட்டுத் திட்டத்திலே, மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு தடவைக்கும் 100 ரூபாய், ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை வழிச் செலவு உண்டு என்று எழுதியிருந்தார்கள். தொகை சிறிது, கொள்கை பெரிது. 2018-இல் அதன் இடத்தில் 5 லட்சம் என்று பெரிய எண்ணோடு புதிய திட்டம் வந்தது. வந்தபோது அந்த 100 ரூபாய் காணாமற் போயிற்று! ஐந்து லட்சம் மருத்துவமனையின் கணக்குக்குப் போகிறது. நோயாளியின் கைக்கு வந்த அந்த ஒற்றைத் தாள் மட்டும் மிச்சம் பிடிக்கப்பட்டது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. அரசு மருத்துவர் ஒரு நோயாளியை வெளி மாவட்டத்துக்கு அனுப்பினால், அந்தச் சீட்டோடு நோயாளிக்கும் துணைக்கும் வழிச் செலவும், தங்கும் நாட்களுக்கு ஒரு படியும் முன்கூட்டியே கிடைக்க வேண்டும். போய்வந்து ரசீது காட்டினால் தருவோம் என்பது, நீந்திக் கரையேறினால் தெப்பம் தருவோம் என்பது போன்றது. சென்னையிலும் வேலூரிலும் ஏழை நோயாளியின் துணைவருக்குச் சமைத்துக்கொள்ள அடுப்போடு கூடிய விடுதி வேண்டும். மகளிர்க்கு நகரப் பேருந்திலே 2021-இல் கட்டணத்தை நீக்கினோமே, சிகிச்சைச் சீட்டுள்ளவருக்கு வெளியூர்ப் பேருந்திலும் அதை நீட்டினால் வருவாய் எவ்வளவு குறைந்துவிடும்?

பயணத்தையே குறைப்பதற்கும் வழி உண்டு. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையைச் சுற்றிய கிராமங்களிலே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தே கருப்பை வாயின் தொடக்கக் கோளாறைக் கண்டுபிடித்து, அங்கேயே மருத்துவமும் செய்தார்கள். அப்படிச் சோதித்த ஊர்களில் அந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட சாவு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழிலே வெளியாயிற்று. எந்திரம் இல்லை, எட்டு மாடி இல்லை. செவிலியரின் கையும் ஒரு சிறு குப்பியும்தான்! மேலே சொன்ன களையெடுக்கும் பெண்ணை ஐந்து ஆண்டுக்கு முன் அவள் ஊரிலேயே ஒரு செவிலியர் பார்த்திருந்தால், ஐந்து வாரச் சென்னை வாசம் ஏது? அதேபோல, அறுவைக்குப் பிறகு "மூன்று மாதம் கழித்து வந்து காட்டு" என்ற வருகைகளில் பல, சேலத்திலேயே முடியக் கூடியவை. மலையிலே குறித்த நாளில் நிபுணர் ஏறி வந்தால் ஏற்காட்டிலேயே முடியக் கூடியவை. மாவட்ட மருத்துவமனைதோறும் புற்றுநோய்க்குப் பகல்நேரச் சிகிச்சை மையம் மூன்றாண்டில் வரும் என்று 2025-26 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அறிவிப்பு நம் மாவட்டத்தில் கட்டிலாகவும் மருந்தாகவும் மாறுகிற நாளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருப்போம்.

அதுவரை கழகத் தோழர்கள் சும்மா இருக்கலாமா? அந்நாளிலே நம் படிப்பகங்களில் எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். சுற்றி அமர்ந்து பத்துப் பேர் கேட்பார்கள். அந்தப் பத்துப் பேரின் பேரப்பிள்ளைகள் இன்று ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அடிவாரத்திலே நிற்கிறார்கள். படித்துச் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டையிலே பெயர் இருக்கிறதா, குடும்ப அட்டையோடு எழுத்து ஒத்துப்போகிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காகச் சென்னையிலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு.

இரயில் சலுகையை நம்மவர்களில் பலர் அறியவே இல்லை. மூத்த குடிமக்களின் சலுகையை 2020-இல் நிறுத்தினார்கள். நோயாளிகளின் சலுகையை நிறுத்தவில்லை. சிகிச்சைக்கோ மறு பரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலே கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இதய அறுவைக்குப் போகிறவருக்கும், சிறுநீரக மாற்றுக்கோ டயாலிசிசுக்கோ போகிறவருக்கும், துணைக்கும் முக்கால் பங்கு தள்ளுபடி உண்டு. அதற்குரிய சான்றுப் படிவத்திலே மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். சீட்டை நிலையத்துப் பதிவுச் சாளரத்தில்தான் எடுக்க வேண்டும், கைப்பேசியில் எடுத்தால் சலுகை கிடையாது. மலையிலிருந்து இறங்குகிறவருக்காக அந்தப் படிவத்தில் நூறு படி எடுத்து, அடிவாரத்துக் கிளை அலுவலகத்தில் இந்த வாரமே வைத்துவிடுங்கள்.